இரண்டாம் செவ்வாய்க்குப் பின் வரும் ஞாயிறு

கேள்வி: தக்கலையில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பக்கம் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். பத்திரம் டைப் அடிப்பது, ஜெராக்ஸ், பட்டா எடுத்துக் கொடுப்பது, சீசனில் கல்யாணக் கார்டு. மூன்று சிஸ்டம். இரண்டில் விண்டோஸ் 10, ஒன்றில் விண்டோஸ் 7. பேஜ்மேக்கரும் பழைய தமிழ் ஃபாண்டுகளும் அந்தப் பழைய சிஸ்டத்தில்தான் இருக்கின்றன. கார்டு வேலை முழுக்க அதில் நடக்கிறது. பிரிண்டர் ஒன்றுதான், மூன்றுக்கும் ஷேர்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் சிஸ்டத்தைப் போட்டால், அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள் என்று அப்படியே நின்றுவிட்டது. வெளியே கிரயப் பத்திரத்துக்கு டோக்கன் போட்டவர்கள் காத்து நிற்கிறார்கள். ஒருவழியாகத் திறந்தால் பிரிண்டர் எடுக்கவில்லை. சர்வீஸ் பண்ணும் பையன் வந்து பார்த்துவிட்டு, "அக்கா, எல்லாத்துக்கும் காரணம் இந்த அப்டேட்டுதான். ஆஃப் பண்ணிப் போட்டாச்சு, இனி ஒரு சல்லியமும் இருக்காது" என்றான். சொன்னது போலவே அதற்குப் பிறகு சல்லியம் இல்லை.

இப்போது விண்டோஸ் 10-க்குக் காலம் முடிந்துவிட்டது என்று திரையில் காட்டுகிறது. அண்ணன் மகன் கோயம்புத்தூரில் ஐடி வேலையில் இருக்கிறான். "அத்தை, இந்த சிஸ்டத்துலயா பேங்க் வேலையெல்லாம் பண்ணுதிய?" என்று பதறுகிறான், லினக்ஸ் போடச் சொல்கிறான். காசு கொடுத்து ஆண்டிவைரஸ் போட்டிருக்கிறோமே, அது போதாதா? எங்கள் கடையில் வந்து எவன் என்னத்தைத் திருடப் போகிறான்? அப்டேட் போட்டே தீரவேண்டும் என்றால், பாதியில் கரண்ட் போனால் என்ன ஆகும்? மழை இருட்டினாலே எங்கள் பக்கம் கரண்ட் இருக்காது.

— வாசகி, தக்கலை

பதில்: "எவன் என்னத்தைத் திருடப் போகிறான்?" என்று கேட்டிருக்கிறீர்களே, அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றக் கேள்விகளுக்கு ஆணிவேர் அதுதான்.

உங்கள் கடையைத் தேடி ஒருவனும் வரப்போவதில்லை. அது சரி. வயநாட்டில் தரியோடு என்று ஒரு ஊராட்சி இருக்கிறது. பத்தனம்திட்டையில் கோன்னிக்குப் பக்கம் அருவாப்புலம் என்று இன்னொன்று. 2017 மே 15, திங்கட்கிழமை. இந்த இரண்டு ஊராட்சி அலுவலகங்களிலும் கம்ப்யூட்டரைப் போட்டவர்களுக்கு ஒரு சிவப்புப் பெட்டி வந்து நின்றது. ஃபைல்களையெல்லாம் பூட்டியாயிற்று, 300 டாலரை பிட்காயினில் கட்டினால் திறந்துவிடுகிறோம், தாமதித்தால் இரட்டிப்பு. அன்றைய கணக்கில் ஒரு கம்ப்யூட்டருக்கு ஏறத்தாழ 19,000 ரூபாய். அதே வாரம் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்திலும் அந்தப் பெட்டி வந்தது. திருப்பதி தேவஸ்தானத்தின் சில கம்ப்யூட்டர்களிலும் வந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலையையும் அது விட்டுவைக்கவில்லை. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகள் ஆபரேஷன்களைத் தள்ளிவைத்தன, ஆம்புலன்ஸ்களை வேறு மருத்துவமனைகளுக்குத் திருப்பிவிட்டன. சுமார் 150 நாடுகள், 2 லட்சத்துக்கும் மேல் கம்ப்யூட்டர்கள். வானாக்ரை என்று அதற்குப் பெயர்.

தரியோட்டு ஊராட்சியின் வீட்டுவரி ரசீதைப் பூட்டிவைக்க வேண்டும் என்று உலகத்தில் எந்தத் திருடனும் உட்கார்ந்து திட்டம் போட்டிருக்க மாட்டான். அந்த நிரலுக்குத் தரியோடும் தெரியாது, திருப்பதியும் தெரியாது. இணையத்தில் இருக்கும் முகவரிகளைக் கண்டபடி தட்டிப் பார்க்கும். கதவு திறந்தால் உள்ளே போகும். போன இடத்திலிருந்து பக்கத்துக் கம்ப்யூட்டரைத் தட்டும். நீங்கள் எந்த மெயிலையும் திறக்க வேண்டாம், எதையும் கிளிக் செய்யவும் வேண்டாம். அது நுழைந்த வழியையும் தெரிந்துகொள்ளுங்கள்: பிரிண்டரையும் ஃபோல்டரையும் மூன்று சிஸ்டத்துக்கும் ஷேர் செய்து வைத்திருக்கிறீர்கள் அல்லவா, விண்டோஸில் இருக்கும் அந்த ஷேரிங் வசதியில்தான் ஓட்டை இருந்தது.

இனி தேதிகளைப் பாருங்கள். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14 அன்றே இலவசமாக வெளியிட்டுவிட்டது. அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ அந்த ஓட்டைக்கென்று ரகசியமாக வைத்திருந்த ஆயுதத்தைத் திருடிய ஒரு கும்பல் அதை இணையத்தில் கொட்டியது ஏப்ரல் 14. வானாக்ரை கிளம்பியது மே 12. மருந்து கைக்கு வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்துத்தான் நோய் வந்திருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் ஒரே ஒரு நாள் அப்டேட்டை ஓடவிட்டவர்களுக்கு அந்த வழியாக ஒன்றும் வரவில்லை. பழைய எக்ஸ்பி வைத்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள் என்று இன்றும் பலர் சொல்வதுண்டு. காஸ்பர்ஸ்கி நிறுவனம் போட்ட கணக்கில் பாதிக்கப்பட்டவற்றில் சுமார் 98 சதவீதம் விண்டோஸ் 7. அன்றைக்கு விண்டோஸ் 7-க்கு அப்டேட் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. வந்ததைப் போடாமல் விட்டதுதான் காரணம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அப்டேட் வெளியாகும் நாளில் ஓட்டையும் வெளியே தெரிந்துவிடுகிறது. ஒரு பத்திரத்தின் பழைய நகலையும் திருத்திய நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வரியில் கை வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கு நொடியில் தெரிந்துவிடும். அதே வேலையை வைரஸ் எழுதுகிறவர்கள் விண்டோஸ் ஃபைல்களில் செய்கிறார்கள். எந்த இடத்தில் மாற்றம் இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. அதுவரை நாலு பேருக்குத் தெரிந்திருந்த விஷயம் அன்று முதல் ஊருக்கே தெரியும். அதனால் அப்டேட் போடாத சிஸ்டத்துக்கு, அப்டேட் வெளியான பிறகு வரும் வாரங்கள் அதற்கு முந்தைய காலத்தைவிட ஆபத்தானவை. "ஒண்ணும் ஆகல்லியே, பைய பாத்துக்கிடலாம்" என்று இருப்பவர்கள் அந்த வாரங்களில்தான் அப்படி இருக்கிறார்கள்.

ஆண்டிவைரஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அது செய்வது வேறு வேலை. வந்து நிற்கும் ஃபைலை அடையாளம் கண்டு பிடிப்பது அதன் வேலை. ஓட்டையை அடைப்பது அதன் வேலை இல்லை. இன்று ஒன்றைப் பிடிக்கும், நாளைக்கு அதே ஓட்டை வழியாகப் பெயர் மாற்றி இன்னொன்று வரும். ஒன்றுக்காக இன்னொன்றை விட முடியாது.

உங்கள் கடையில் திருட ஒன்றும் இல்லை என்கிறீர்கள். பதிவுத்துறையில் 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 என்ற மென்பொருள் வந்த பிறகு பத்திர வேலை பெரும்பாலும் இணையத்துக்குப் போய்விட்டது. உங்கள் டவுன்லோட்ஸ் ஃபோல்டரை ஒருமுறை திறந்து பாருங்கள். யார் யாருடைய ஆதார், பான் கார்டு, மூலப் பத்திரம், பட்டா, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எல்லாம் எத்தனை வருஷமாக அதில் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். போனால் உங்களுடையது மட்டும் போகாது.

இனி பிரிண்டர். உங்கள் கோபம் நியாயமானது. அப்டேட்டினால் பிரிண்டர் நின்றுபோவது கட்டுக்கதை இல்லை. 2021-இல் அது உலகம் முழுக்க நடந்தது. அந்த வருஷம் விண்டோஸின் பிரிண்டிங் பகுதியில் அடுத்தடுத்து ஓட்டைகள் வெளிப்பட்டன. ஜூலையில் 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பெயரில் அது செய்தியாகவே ஆனது. செப்டம்பர் அப்டேட்டைப் போட்ட பிறகு ஷேர் செய்த பிரிண்டரை இணைக்கப் போனால் 11பி என்று முடியும் ஒரு எரர் நம்பர் வரும். சிஸ்டம் சர்வீஸ் செய்கிறவர்களில் அந்த நம்பரைத் தெரியாதவர் குறைவு. அப்டேட்டைக் கழற்றினால் பிரிண்டர் ஓடும், போட்டால் நிற்கும். அப்டேட்டை அணைத்து வைத்தால் நிம்மதி என்று அன்றைக்குப் பலர் முடிவெடுத்ததில் வியப்பில்லை.

ஆனால் உள்ளே நடந்தது இதுதான். பிரிண்டரோடு பேசும் முறையைக் கெட்டிப்படுத்தும் மாற்றம் அந்த வருஷம் ஜனவரி அப்டேட்டிலேயே வந்துவிட்டது. எல்லாரும் போட்டு முடிக்கட்டும் என்று எட்டு மாதம் அவகாசம் விட்டு, செப்டம்பரில் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஒரு சிஸ்டம் அப்டேட் ஆனது, இன்னொன்று ஆகாதது என்று கலந்துகிடந்த இடங்களில் புதியது சொல்வது பழையதுக்குப் புரியவில்லை. விண்டோஸ் 7-க்கு அதற்கு முந்தைய வருஷமே இலவச அப்டேட் நின்றுவிட்டது. ஆகவே விண்டோஸ் 10-ஓடு அதைக் கலந்து வைத்திருந்த கடைகள் வசமாக மாட்டின. எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்திருந்த சிலருக்கும் அந்த மாதம் தலைவலிதான், அதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அரைகுறையாக அப்டேட் ஆன கடைக்குத்தான் அடி பலம்.

இதற்கு நிரந்தர வழி, அடுத்த முறை பிரிண்டர் வாங்கும்போது நேரடியாக நெட்வொர்க்கில் இணையும் மாடலாக வாங்குவது. லேன் கேபிளோ வைஃபையோ எது இருந்தாலும் சரி. ஒரு சிஸ்டத்தில் மாட்டி மற்றவற்றுக்கு ஷேர் செய்யும் ஏற்பாடே அப்போது தேவைப்படாது. ஒரு சிஸ்டம் அப்டேட்டில் நின்றாலும் அடுத்ததிலிருந்து பிரிண்ட் போகும்.

எப்போது போடுவது என்பதற்கு வருகிறேன். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்டுகளை மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. 2003-இலிருந்து இதுதான் வழக்கம். அமெரிக்காவில் செவ்வாய் காலை என்றால் நமக்கு இரவு பத்தரை, பதினொன்றரை ஆகிவிடும். புதன் காலை கடை திறந்ததும் சிஸ்டம் மக்கர் பண்ணுவதன் ரகசியம் இதுதான். புதன்கிழமையே போட வேண்டாம். எந்த அப்டேட்டில் என்ன கோளாறு என்பது இரண்டு மூன்று நாளில் வெளியே வந்துவிடும். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். பதிவு அலுவலகமும் இல்லை, கடையிலும் அவசரம் இல்லை. கூடிப்போனால் அதற்கடுத்த ஞாயிறு. அதைத் தாண்டக் கூடாது.

அப்டேட் என்றாலே பயப்பட 2024 ஜூலை 19-ஐ உதாரணம் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்களே, அந்த நாள். உலகம் முழுக்க 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. அது விண்டோஸ் அப்டேட் இல்லை. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஒரு ஃபைல். நம் நேரத்துக்குக் காலை 9.39-க்கு வந்தது, 10.57-க்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குப் பிறகு சிஸ்டத்தைப் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில நாள் பொறுத்துப் போடச் சொல்வதற்கு இதுவே சாட்சி. போடாமலே இருப்பதற்கு இது சாட்சி ஆகாது.

செய்யும் வரிசை. முதலில் பேக்கப்: ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுத்து, எடுத்து முடித்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். மாட்டியபடியே இருந்தால் வானாக்ரை போன்றது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். பிறகு இரண்டு விண்டோஸ் 10-இல் வேலை குறைவான ஒன்றை மட்டும் அப்டேட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் ஆனதும் ஒரு பக்கம் பிரிண்ட், தமிழில் ஒரு வரி டைப், பதிவுத்துறைத் தளத்தில் ஒரு லாகின். மூன்றும் சரி என்றால் அடுத்ததையும் அன்றைக்கே போட்டுவிடுங்கள். ஒன்றைப் போட்டு மற்றதை விடுவதுதான் 2021-இல் பலரை மாட்டிவைத்தது.

பையன் அப்டேட்டை எப்படி அணைத்தார் என்று அவரிடமே கேளுங்கள். பெரும்பாலும் 'சர்வீசஸ்' பட்டியலில் விண்டோஸ் அப்டேட்டை 'டிஸேபிள்டு' ஆக்கியிருப்பார். அதைப் பழையபடி 'மேனுவல்' ஆக்கினால் போதும். அணைக்கத் தேவையே இல்லாமல் விண்டோஸிலேயே வசதி இருக்கிறது: 'பாஸ் அப்டேட்ஸ்' என்று கொடுத்தால் 35 நாள் வரை தள்ளலாம், 'ஆக்டிவ் அவர்ஸ்' என்ற இடத்தில் கடை நேரத்தைக் குறித்துவிட்டால் அந்த நேரத்தில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது, 18 மணி நேரம் வரை குறிக்கலாம். இன்னொன்றையும் ஒளிக்காமல் கேட்டுவிடுங்கள்: விண்டோஸ் ஒரிஜினலா, ஆக்டிவேட்டர் வைத்து ஏமாற்றியதா? ஆக்டிவேட் ஆகாத விண்டோஸ் 10-க்கும் பாதுகாப்பு அப்டேட் வரத்தான் செய்தது. ஆண்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டச் சொல்லும் அந்த ஆக்டிவேட்டர்தான் பல கடைகளில் முதல் வைரஸ்.

பல வருஷ பாக்கியை எப்படித் தீர்ப்பது என்று மலைக்க வேண்டாம். மாத அப்டேட்டுகள் முந்தையவற்றையும் சேர்த்துக்கொண்டே வருபவை. கடைசியானது ஒன்றைப் போட்டால் எல்லாம் வந்துவிடும். ஆனால் சிஸ்டம் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். 2025 அக்டோபருக்குப் பிந்தையவற்றுக்குத் தனியாகப் பதிவும் வேண்டும், அதைக் கீழே சொல்கிறேன். தேடும் பெட்டியில் 'வின்வர்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் எந்தப் பதிப்பு என்று காட்டும். பழையது என்றால் அதை மேலே ஏற்றுவதற்கு ஒரு ஞாயிறு தனியாக ஒதுக்குங்கள். செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் அப்டேட் என்றால் டேட்டா போய்விடுமே என்று பயப்படுவார்கள். 'டெலிவரி ஆப்டிமைசேஷன்' என்ற இடத்தில் உள்ளூர் நெட்வொர்க்கை மட்டும் அனுமதித்தால், ஒரு சிஸ்டம் இறக்கியதையே அடுத்தது எடுத்துக்கொள்ளும்.

கரண்ட் போனால்? அப்டேட்டில் மூன்று கட்டம் இருக்கிறது. இறங்கும் கட்டத்தில் கரண்ட் போனால் ஒன்றும் இல்லை, கரண்ட் வந்ததும் தொடரும். பின்னணியில் ஏறும் கட்டத்தில் போனாலும் பெரும்பாலும் பழுதில்லை. புது ஃபைல்களை விண்டோஸ் முதலில் தனி இடத்தில்தான் அடுக்கி வைக்கிறது. ரீஸ்டார்ட் ஆகும்போது சதவீதம் ஓடுகிறதே, பழையதை எடுத்துப் புதியதை வைப்பது அப்போதுதான். அங்கே கரண்ட் போனாலும் உடனே எல்லாம் போய்விடாது. அடுத்த முறை போடும்போது விட்ட இடத்திலிருந்து முயலும், முடியாவிட்டால் மாற்றங்களைத் திரும்ப எடுப்பதாகத் திரையில் சொல்லிவிட்டுப் பழைய நிலைக்கே போகும். அந்த நேரத்தில் பொறுமை இழந்து பவர் பட்டனை அமுக்கி அமுக்கி அணைப்பதுதான் கரண்ட் கட்டைவிட அதிகமாகக் கெடுக்கிறது. ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய சிஸ்டம் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும். விட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

நான் உண்மையிலேயே பயப்படுவது பயாஸ் அப்டேட்டுக்கு. மதர்போர்டுக்குள் எழுதப்படுவது அது; பாதியில் கரண்ட் போனால் சிஸ்டம் எழும்பாமலே போகக்கூடும். யுபிஎஸ் இல்லாமல் அதைத் தொடவே வேண்டாம். சாதாரண அப்டேட்டுக்கும் யுபிஎஸ் இருப்பது நல்லது, ஆனால் பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று சுவிட்சை அணைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 2017-இல் ஒக்கிப் புயல் அடித்து நம் மாவட்டம் இருட்டில் கிடந்ததையெல்லாம் எந்த யுபிஎஸ்ஸும் தாங்காது. நமக்கு வேண்டியது கால் மணி நேரம். ஐப்பசியில் மத்தியானத்துக்கு மேல் இடி இடிக்கும் நாட்களில் காலையிலேயே முடித்துவிடுவது புத்திசாலித்தனம்.

விண்டோஸ் 7 விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். அதற்கு அப்டேட் நின்றது 2020 ஜனவரி 14. இரண்டு மாதம் கழித்து, மார்ச் 23 அன்று மைக்ரோசாஃப்ட் ஒரு எச்சரிக்கை விட்டது: விண்டோஸ் ஃபாண்டுகளைப் படிக்கும் பகுதியில் ஓட்டை இருக்கிறது, விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்களைக் குறிவைத்து அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். விஷமமான ஃபாண்ட் உள்ள ஃபைலைத் திறக்கக்கூட வேண்டாம், பக்கத்தில் பிரிவ்யூவில் தெரிந்தாலே காரியம் முடிந்தது. ஏப்ரல் 14 அன்று அடைப்பு வந்தது. விண்டோஸ் 7-க்கு அதைப் பெற்றவர்கள் தனியாகப் பணம் கட்டியிருந்த நிறுவனங்கள் மட்டும். கல்யாணக் கார்டு அடிக்கிற கடைகளில் புது ஃபாண்ட் எங்கே கிடைத்தாலும் இறக்கி, பென்டிரைவில் கைமாற்றிக்கொள்ளும் வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. அந்த ஓட்டை உங்கள் கார்டு சிஸ்டத்தில் இன்றும் திறந்துதான் கிடக்கிறது. குரோம் பிரௌசரும் 2023-இல் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டுவிட்டது. 109-ஆம் பதிப்போடு நின்றுபோயிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

அதனால் அந்த சிஸ்டத்தை இணையத்திலிருந்தும் மற்ற இரண்டிலிருந்தும் கழற்றிவிடுங்கள். லேன் கேபிளும் வேண்டாம், வைஃபையும் வேண்டாம். கார்டை அதில் போட்டு, பிடிஎஃப் ஆக்கி, கடைக்கென்று வைத்திருக்கும் ஒரே ஒரு பென்டிரைவில் விண்டோஸ் 10-க்குக் கொண்டுவந்து பிரிண்ட் எடுங்கள். வாடிக்கையாளர் நீட்டும் பென்டிரைவ் அந்தப் பழைய சிஸ்டத்தில் ஏறவே கூடாது. ஈரானின் அணுத் திட்டத்தைக் கெடுக்க உருவாக்கிய ஸ்டக்ஸ்நெட் 2010-இல் பென்டிரைவ் வழியாகத்தான் உலகம் சுற்றியது. ஃபோல்டரைத் திறந்து ஐகானைப் பார்த்தாலே ஒட்டிக்கொண்டது. சைமன்டெக் நிறுவனத்தின் கணக்கில் ஈரானுக்கும் இந்தோனேசியாவுக்கும் அடுத்து அது அதிகம் பரவியிருந்தது இந்தியாவில். அதற்கும் நம் ஊர் ஜெராக்ஸ் கடைக்கும் என்ன பகை?

கழற்றி வைப்பதால் என்ன லாபம் என்பதற்கு நமக்கு அடுத்த ஊர்க் கதையே இருக்கிறது. கூடங்குளத்தில் ஒரு கம்ப்யூட்டரில் தீநிரல் இருந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று ஒப்புக்கொண்டது. முந்தின நாள்தான் அப்படி எதுவும் இல்லை என்கிற தொனியில் ஒரு அறிக்கை வந்திருந்தது! நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த நெட்வொர்க்கில் உள்ள கம்ப்யூட்டர் அது. உலையை இயக்கும் நெட்வொர்க் அதிலிருந்து துண்டிக்கப்பட்டது, அங்கே எட்டவில்லை என்றார்கள். பேஜ்மேக்கருக்காக விண்டோஸ் 7-ஐக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் இல்லை. பேஜ்மேக்கர் 7 விண்டோஸ் 10-இலும் பெரும்பாலும் ஓடும், வலது கிளிக்கில் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்தால். ஒரு ஞாயிறு அதையும் முயன்று பாருங்கள். மாத அப்டேட் உங்கள் ஃபாண்டுகளையோ பேஜ்மேக்கரையோ தொடாது.

விண்டோஸ் 10-க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்து பதிவு செய்துகொண்டால், தனிநபர் கம்ப்யூட்டருக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். செட்டிங்ஸை பேக்கப் செய்ய ஒத்துக்கொண்டால் காசு கிடையாது, இல்லையென்றால் 30 டாலர். நிறுவனங்களுக்கு வேறு கணக்கு, முதல் வருஷத்துக்கு ஒரு கம்ப்யூட்டருக்கு 61 டாலர். எப்படியானாலும் இது தவணை வாங்குவதுதான். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இருந்தால் விண்டோஸ் 11-க்கு இலவசமாகவே போகலாம். மாறினால், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கரின் ரெகவரி கீயைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு பல கம்ப்யூட்டர்கள் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றன, எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்கள் தவித்துப்போனார்கள்.

அண்ணன் மகன் லினக்ஸ் என்று சொன்னது தவறில்லை. பக்கத்தில் கேரளப் பள்ளிகள் வருஷக்கணக்காக அதில்தான் ஓடுகின்றன. 2011-இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச லேப்டாப்பிலும் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இருந்தது. பட்டா எடுக்க, பிரௌசர் வேலைக்கு, ஜெராக்ஸ் ஸ்கேனுக்கு ஒரு சிஸ்டத்தில் உபுண்டு போட்டுப் பார்க்கலாம். அதற்கும் அப்டேட் உண்டு, அதையும் போட்டாக வேண்டும். கார்டு வேலைக்குச் சரிப்படாது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால், அது லினக்ஸில் ஓடுமா என்று மாறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்காதது. இணையத்தில் ஏதோ தேடும்போது, உங்கள் பிரௌசர் பழசு, இங்கே அமுக்கி அப்டேட் செய்யுங்கள் என்று பெட்டி வரும். அமுக்காதீர்கள். விண்டோஸ் அப்டேட் செட்டிங்ஸுக்குள் மட்டும்தான் வரும். குரோமுக்கு வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளி வழியாக. மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுகிறோம், உங்கள் சிஸ்டத்தில் வைரஸ் என்று போனில் யாராவது சொன்னால் வைத்துவிடுங்கள். அதற்குள், தூரத்திலிருந்தே சிஸ்டத்தை இயக்கும் எனிடெஸ்க்கைப் போடச் சொல்லி அக்கவுண்டிலிருந்து பணம் போயிருந்தால், முதலில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அடியுங்கள், பையனுக்கு அடிப்பது அதற்குப் பிறகு.